தூளியை ஆட்டிய காற்று

அக்கா,

காலையிலிருந்து வீடு முழுக்க ராகி வறுபடும் வாசனை. என் பேத்திக்குப் பல் முளைக்கிறது. கூழ் காய்ச்சிக் கொடுக்க வேண்டுமென்று மருமகள் ராகியை முளைகட்டி, நிழலில் உலர்த்தி, இரும்புச் சட்டியில் போட்டு வறுத்துக்கொண்டிருக்கிறாள். ஓசூரில் மூன்றாவது மாடியில் இருக்கிற வீடு இது. கீழே கம்பெனி பஸ்கள் ஆள் ஏற்றிக்கொண்டு போகின்றன. அந்தச் சத்தத்துக்கும் இந்த வாசனைக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. முளை ராகியில் முதலில் பச்சைப் புல் வாசனை வரும், கடைசியில்தான் மாவு வாசனை. "மாவு வாசம் வந்தவொடனே எறக்கிடணும் டீச்சரு, இல்லீன்னா கொழந்தைக்குக் கசக்கும்" என்று நீ சொல்வாய். நான் இந்த அறையில் இருந்தபடியே "இறக்கிடும்மா" என்றேன். "பார்க்காமலே எப்படி அத்தை தெரிஞ்சது?" என்று கேட்டாள். பதில் சொல்லவில்லை. பதில் சொல்லாமல் இருப்பது எனக்குப் பழகிப்போன காரியம்.

நேற்று உன் பதினாறாம் நாள் காரியத்துக்குப் போய்வந்தேன். அதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

உனக்குக் கடிதம் எழுத எத்தனையோ முறை உட்கார்ந்திருக்கிறேன். உனக்கு எழுத்து தெரியாது. நான் எழுதினால் தபால்காரரோ உன் மாமியாரோடு பேச வருகிற யாரோ ஒருவரோதான் படித்துக் காட்ட வேண்டும். நான் சொல்ல வேண்டியதோ உன் காதுக்கு மட்டும் உரியது. அதனால்தான் எழுதவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நல்ல சாக்கு. நான் வேலை பார்த்த கிருஷ்ணகிரியில் பஸ் ஏறினால் மத்தியானச் சாப்பாட்டுக்குள் உன் வாசலில் வந்து நின்றிருக்கலாம். அந்த நினைப்பு வரும்போதெல்லாம் வேறு வேலை பார்க்கப் போய்விடுவேன்.

ஐம்பதுகளில் நான் சேலத்திலிருந்து டிரங்குப் பெட்டியோடு வந்து இறங்கியபோது எனக்கு இருபத்தொரு வயது. பாகலூரைத் தாண்டி உங்கள் ஊர். ஊரைத் தாண்டி ஓர் ஓடை. ஓடைக்கு அந்தப் பக்கம் மைசூர் ராஜ்யம். ஓராசிரியர் பள்ளிக்கூடத்துக்கு நான்தான் டீச்சர். உங்கள் வீட்டின் கடைசி அறையில் என்னைக் குடிவைத்தார்கள். நீ என்னைவிட நாலைந்து வயது மூத்தவள். உன் மாமியாரிடம் தமிழ், தோட்டத்துக்கு வரும் ஆட்களிடம் தெலுங்கு, சந்தையில் கன்னடம் என்று நீ மூன்றையும் மாற்றி மாற்றிப் பேசுவதைப் பார்த்து எனக்குத் தலை சுற்றியது. வந்த மறுநாளே நீ எனக்கு அக்காவாகிவிட்டாய். நான் கடைசிவரை உனக்கு டீச்சருதான்.

நான் அப்போது வித்துவான் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தேன். அதில் தேறினால் உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியை வேலை. சாயங்காலம் நீ ராகிக்கல்லின் முன்னால் காலை நீட்டி உட்கார்ந்து மாவு அரைப்பாய். எதிர்ச் சுவரில் சாய்ந்துகொண்டு நான் யாப்பும் அணியும் உருப்போடுவேன். நான் "தேமா, புளிமா" என்று சீர்களின் வாய்பாட்டைச் சொல்லச் சொல்ல உன் கை கல்லைச் சுற்றும். தப்பாகச் சொன்னால் கல் நின்றுவிடும். "என்னமோ இடிக்குது டீச்சரு, திருப்பிச் சொல்லு" என்பாய். புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தால் இடித்துத்தான் இருக்கும்.

அடிகளின் முதலெழுத்து ஒன்றி வந்தால் மோனை, இரண்டாமெழுத்து ஒன்றி வந்தால் எதுகை என்று நான் விளக்கியபோது நீ சிரித்ததை மறக்க முடியாது. "இதுக்கெல்லாம் பேரு வெச்சிருக்காங்களா? நாங்க பேரில்லாமயே இத்தினி நாளு பாடிட்டு இருந்தமே" என்றாய். உண்மைதான். நடவு நட்டால் பாட்டு, மாவு அரைத்தால் பாட்டு. யார் வீட்டில் குழந்தைக்குத் தொட்டில் போட்டாலும் முதல் தாலாட்டு உன்னுடையது என்பது அந்த ஊர் வழக்கம். நீ வந்து வாய் திறக்கும்வரை குழந்தையைத் தூளியில் போடமாட்டார்கள்.

உவமைக்கும் உருவகத்துக்கும் வித்தியாசம் எனக்குக் குழம்பிக்கொண்டே இருந்தது. நீ மாவைக் கூட்டி அள்ளிக்கொண்டே சொன்னாய்: "உவமைன்னா சொந்தக்காரங்க ஊட்டுக்கு விருந்தாடி போயி வர்றது. உருவகம்னா அங்கியே வாக்கப்பட்டுப் போயிடறது." முப்பது வருஷம் உயர்நிலைப் பள்ளியில் நான் அணி நடத்தினேன், அக்கா. இதைவிடத் தெளிவாக எந்த உரைநூலும் சொன்னதில்லை. பிள்ளைகளுக்கு இதைத்தான் சொல்லிக்கொடுத்தேன். யார் சொன்னது என்று மட்டும் ஒருநாளும் சொல்லவில்லை. கேலியும் செய்வாய். "உங்க புஸ்தகத்துல எல்லாப் பொம்பளைக்கும் மொகம் நெலாதானா? வெயில்ல களையெடுத்துட்டு வந்த மொகத்துக்கு ஒண்ணும் இல்லையா?" என்று கேட்டாய். இல்லை என்றேன். "அப்ப அவங்க எங்கூருக்கு வந்ததில்ல" என்றாய்.

ஓர் அணி மட்டும் எனக்கு மண்டையில் ஏறவே இல்லை. தற்குறிப்பேற்ற அணி. இயல்பாக நடக்கிற ஒன்றின்மேல் புலவன் தன் மனத்தில் இருப்பதை ஏற்றிச் சொல்வது. வரையறையைத் தலைகீழாகச் சொல்வேன். எடுத்துக்காட்டுப் பாட்டும் மனப்பாடம். ஆனால் காற்று ஏன் அடிக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும்போது, அதற்குப் புலவன் ஏன் வேறு காரணம் சொல்ல வேண்டும் என்பது விளங்கவில்லை. பொய்தானே என்று தோன்றியது. உன்னிடம் கேட்டேன். உனக்கும் அன்று சொல்லத் தெரியவில்லை. "எனக்கும் புரியல, வுடு" என்று சொல்லிவிட்டுக் குழந்தையைத் தூக்கப் போனாய்.

ரத்னாவுக்கு அப்போது ஒன்பது மாதம். கீழ் ஈறில் அரிசி முனை போல ஒரு பல் எட்டிப் பார்த்திருந்தது. அவளுக்காக ராகியை ஈரத்துணியில் மூட்டை கட்டி வைத்திருந்தாய். இரண்டு நாள் ஜுரம். பாகலூர் வைத்தியரிடம் நீயும் உன் வீட்டுக்காரரும் மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டு நடந்தீர்கள். மூன்றாம் நாள் விடியும்போது குழந்தை இல்லை. மூட்டையில் ராகி முளைத்திருந்தது.

வீட்டில் பெண்கள் கூடிவிட்டார்கள். நீ வெகுநேரம் அழவே இல்லை. பிறகு தலையை உயர்த்தி ஒப்பாரியை எடுத்தாய்.

ஈரத்துணி மூட்டையில ராகி முளைச்சிருக்கு – எங்கண்ணே
ஈறு கிழிச்சு ஒரு பல்லு முளைச்சிருக்கு
முளைச்ச ராகி அரைக்கு முன்னே – எங்கண்ணே
முளைச்ச பல்லு மூடிருச்சே

நானும் அழுதுகொண்டுதான் இருந்தேன். அதை நம்பு. அந்த நேரம் கதவு வழியாகக் காற்று வந்து, உத்திரத்தில் கட்டியிருந்த வெறும் தூளி மெல்ல ஆடியது. எல்லோரும் பார்த்தோம். நீ அதைப் பார்த்தே பாடினாய்.

உத்திரத்துத் தூளிய
காத்து வந்து ஆட்டுதடி
ஊருக்கே தெரிஞ்ச சேதி – எங்கண்ணே
காத்துக்குத் தெரியலையா

அக்கா, அந்த நொடியில் எனக்குப் புரிந்துவிட்டது. தற்குறிப்பேற்ற அணி. காற்று சும்மாதான் அடிக்கிறது, ஆனால் தாய்க்கு அது குழந்தை இருக்கிறதென்று நினைத்து ஆட்டுகிற காற்று. எத்தனை வாரமாகப் பிடிபடாதது உன் வாயில் வந்து விழுந்தது. என் உடம்பெல்லாம் ஒரு சந்தோஷம் ஓடியது. உன் குழந்தை தரையில் கிடக்கிறது, நான் சந்தோஷப்படுகிறேன். இதை எந்த வார்த்தையால் சொன்னாலும் இதுதான். அது மனத்தோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. எழுந்து என் அறைக்குப் போய் நோட்டை எடுத்து அந்த எட்டு வரியையும் எழுதிவிட்டுத்தான் திரும்பி வந்து உன் பக்கத்தில் உட்கார்ந்தேன். அதற்குள் நீ அடுத்த பாட்டுக்குப் போயிருந்தாய். முதல் இரண்டு வரி காதில் விழுந்தது. அப்போது உன் தாய்வீட்டார் வந்து உன்மேல் விழுந்து அழ, மீதி இரண்டு வரி அந்த இரைச்சலில் போய்விட்டது.

ஒரு மாதம் அந்தப் பாதிப் பாட்டு என் நோட்டில் கிடந்தது. பரீட்சைக்கு ஆறு வாரம்தான் இருந்தது. பின்னிரண்டு வரி இல்லாமல் எதுகை நிற்கவில்லை, எனக்கு அரிப்பு தாங்கவில்லை. ஒருநாள் சாயங்காலம் நீ கல்லைச் சுற்றாமல் சும்மா உட்கார்ந்திருந்தபோது மெல்லக் கேட்டேன்.

"சாவில்லாத ஊட்ல ஒப்பாரி சொல்லக் கூடாது டீச்சரு. சொன்னா அது இன்னொரு சாவக் கூப்பிடும்" என்றாய்.

"உன் பாட்டு அழிஞ்சு போயிடக் கூடாது அக்கா, அதுக்குத்தான்" என்றேன். வாயில் சொன்னது அது. மனத்தில் இருந்தது பரீட்சை.

"ரத்னா பேருல ஒண்ணு எழுத்துல இருக்கும்னு சொல்றே" என்றாய். நான் தலையாட்டினேன். மறுநாள் பள்ளிக்கூடம் விட்டதும் என்னை ராகிக் கொல்லைகளைத் தாண்டிக் கூட்டிக்கொண்டு போனாய். ஊர் எல்லைக்கல்லில் நிற்கவில்லை. ஓடையில் இறங்கி, மணலைக் கடந்து, அக்கரை ஏறினாய். "இது மைசூரு. இங்க சொன்னா நம்மூர ஒண்ணும் பண்ணாது" என்றாய். உட்காரப் போனவள் அப்படியே நின்றுவிட்டாய். மரங்களுக்கு அந்தப் பக்கம் அவர்கள் ஊரில் அடுப்புப் புகை எழும்பிக்கொண்டிருந்தது.

"அந்தூர்லயும் தூளி கட்டியிருப்பாங்க இல்ல" என்றாய்.

திரும்பி ஓடைக்குள் இறங்கி, நட்டநடுவில் உலர்ந்த மணலில் உட்கார்ந்தாய். "இது யாரு ஊரும் இல்ல" என்றாய். அங்கே உட்கார்ந்துதான் பாடினாய். நான் வரிகளை எழுதினேன். பென்சில் முனை உடைந்தபோது, "கொஞ்சம் இரு அக்கா" என்று உன்னை நிறுத்தி, சீவிக்கொண்டு, "முதல்லேர்ந்து சொல்லு" என்றேன். நீ முதலிலிருந்து சொன்னாய்.

அக்கரையில் ஆடு மேய்க்கும் ஒரு கிழவி பாட்டைக் கேட்டுக் கரைக்கு வந்தாள். "யாரு சத்தோத்ரம்மா?" என்று கன்னடத்தில் கத்திக் கேட்டாள். யார் செத்துப்போனார்கள் என்று. நீ கண்ணைத் துடைத்துக்கொண்டு "யாரூ இல்லம்மா" என்றாய். யாரும் இல்லை. பின்னால் வந்த வினைக்கு அந்த ஒரு பதில் போதுமானதாக இருந்தது.

நாலைந்து நாளில் மேலத் தெருவில் ஒரு கைக்குழந்தைக்கு அம்மை கண்டது. அதே வாரம் சந்தையில் அந்தக் கிழவி, உங்களூர்ப் பெண் ஒருத்தி சாவில்லாமல் சாவுப்பாட்டுப் பாடினாள், கூட இன்னொருத்தியும் இருந்தாள் என்று சொல்லிவிட்டாள். மாரியம்மன் கோயில் முன்னால் ஊர் கூடியது. பள்ளிக்கூடம் எதிரில்தான். வருகைப் பதிவேட்டை மார்போடு அணைத்துக்கொண்டு நானும் கூட்டத்தில் நின்றேன்.

ஊர்ப் பெரியவர் கேட்டார்: "ஓடையில ஒப்பாரி சொன்னது நெசமாம்மா?"

"நெசந்தான்."

"எதுக்குச் சொன்னே?"

"எம் புள்ள நெனப்பு வந்திருச்சு."

"கூட யாரு இருந்தாங்க?"

நீ என்னைப் பார்த்தாய், அக்கா. கண்டிக்கிற பார்வை இல்லை, கெஞ்சுகிற பார்வையும் இல்லை. டீச்சரு ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்த பார்வை. நான் கேட்டுத்தான் பாடினாள் என்று சொல்ல மூச்சு விடும் நேரம் போதும். ஊர் ஒன்றுகூடி மேலிடத்துக்கு எழுதிப்போட்டால் என் வேலை போய்விடும், பரீட்சைக்கு ஐந்து வாரம்தான் இருக்கிறது, நான் வெளியூர்க்காரி, தனியாக இருக்கிறவள். எல்லாக் கணக்கும் அந்த நேரத்துக்குள் என் மனத்தில் ஓடி முடிந்தது. பதிவேட்டை இன்னும் இறுக்கிக்கொண்டேன்.

நீ திரும்பிப் பெரியவரைப் பார்த்து, "யாருமில்ல" என்றாய்.

அம்மை இறங்கிக் குழந்தைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை நீ தினமும் கோயில் வாசலைக் கழுவ வேண்டும், அதுவரை வாயெடுத்துப் பாடக் கூடாது என்று தீர்ப்புச் சொன்னார்கள். கழுவினாய். குழந்தை பிழைத்துக்கொண்டது, மூன்று தண்ணீரும் ஊற்றினார்கள். ஆனால் "இனிமே பாடு" என்று யாரும் வந்து சொல்லவில்லை. அடுத்த மாதம் கீழ்த் தெருவில் ஒரு தொட்டில் போட்டார்கள். உன்னைக் கூப்பிடவில்லை. "ஒப்பாரி சொன்ன வாயி" என்று யாரோ சொன்னதை உன் மாமியார் வந்து உன்னிடமே சொன்னாள். அன்று சாயங்காலம் நீ ராகி அரைத்தாய். கல் மட்டும் சுற்றியது. நான் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு சத்தம் போட்டுப் படிக்க வெட்கப்பட்டு வாய்க்குள்ளேயே படித்தேன்.

பரீட்சையில் தற்குறிப்பேற்ற அணியைச் சான்று காட்டி விளக்குக என்று கேட்டிருந்தார்கள். புத்தகத்துச் சான்றை எழுதிவிட்டு, கீழே உன் தூளிப் பாட்டையும் எழுதினேன். "இஃது ஒரு நாடோடிப் பாடல்" என்று எழுதினேன். அம்மை வார்த்த ஊரில் உன்னை "யாருமில்ல" என்று சொல்லவைத்தவள், விடைத்தாளில் உன்னையே யாருமில்லை என்று ஆக்கிவிட்டேன். தேறினேன். கிருஷ்ணகிரியில் வேலை கிடைத்தது. நான் புறப்பட்ட அன்று நீ முளை ராகி மாவு ஒரு துணிப்பையில் கட்டிக் கொடுத்தாய். "கல்யாணமாகிக் கொழந்த பொறந்தா வேணும், இப்பவே செய்யப் பழகிக்க" என்றாய். தப்பு என்னுடையது என்று சொல்ல நினைத்தேன். வண்டிக்காரன் அவசரப்படுத்தினான். அவன்மேல் பழி போடுவதும் ஒரு சாக்குதான்.

நேற்றைய கதைக்கு வருகிறேன். நீ போய்விட்ட செய்தி என் பழைய மாணவி ஒருத்தி மூலம் தாமதமாகத்தான் தெரிந்தது. உன் கடைசி மகன் வாசலில் நின்று கும்பிட்டான். நான் வந்துபோன பிறகு பிறந்தவன், கம்பெனியில் ஷிப்ட் வேலை பார்க்கிறான். காரியம் முடிந்து, வீட்டைக் கழுவிவிட்டு, பந்தியும் ஆன பிறகு அவனைத் தனியாக உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். ஒன்றையும் விடவில்லை. பென்சில் சீவியதைக்கூடச் சொன்னேன். சொல்லி முடித்ததும் அவன் கோபப்படுவான் என்று காத்திருந்தேன். கோபப்பட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

"எங்கம்மா பாடுவாங்களா?" என்று கேட்டான்.

நான் நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தேன்.

"நெசமாத்தான் கேக்கறேன் டீச்சர். நாங்க மூணு பேரு பொறந்தோம். தூங்கவெக்கக்கூட ஒரு பாட்டு பாடினதில்ல. தட்டிக் கொடுப்பாங்க, அவ்வளவுதான். எங்கம்மாவுக்குப் பாட்டே வராதுன்னு நெனச்சிட்டிருந்தோம்."

ஏதோ ஒரு வருஷம் தொண்டையைத் திறந்திருப்பாய், ஊர் மறந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டுதான் அக்கா இத்தனை காலம் சோறு தின்றேன்.

அவன் அந்தப் பாட்டைக் கேட்க வேண்டும் என்றான். நோட்டு என் பையில் இருந்தது. ஆனால் அவனுடைய மகன் பாயில் தவழ்ந்துகொண்டிருந்தான். வீட்டையும் கழுவியாகிவிட்டது, இனி அது சாவு வீடில்லை. "இங்க வேண்டாம்பா" என்றேன். ஓடைக்குக் கூட்டிக்கொண்டு போகச் சொன்னேன். இரண்டு கரையிலும் இப்போது கம்பெனி மதில். அக்கரையிலும் மாடி வீடுகள். நடுவில் கொஞ்சம் மணல் இன்னும் இருக்கிறது. அவன் என் கையைப் பிடித்து இறக்கிவிட்டான். அன்று உன்னிடம் எழுதிக்கொண்ட மூன்றாம் பாட்டை, யாரிடமும் இதுவரை வாய்விட்டுச் சொல்லாததை, உன் மகனுக்குச் சொன்னேன்.

நாத்துப் புடுங்கி நட்டாக்கா
நாலு நாள்ல தலை நிமிரும்
காத்துப் படாம நட்டேனே – எங்கண்ணே
நீ எந்நாளு தலை நிமிர்வே

எனக்குக் குரல் கிடையாது என்று உனக்குத் தெரியும். வாசிக்கிற மாதிரிதான் வந்தது. அவன் குனிந்து மணலையே பார்த்துக்கொண்டிருந்தான். "இன்னொரு வாட்டி சொல்லுங்க" என்றான். சொன்னேன். "இன்னொரு வாட்டி" என்றான். முதலிலிருந்து சொன்னேன். நோட்டிலும் அப்போதே "நாடோடிப் பாடல்" என்று தலைப்புப் போட்டிருந்ததை அடித்துவிட்டு உன் பேரை எழுதி, அந்த நோட்டை அவனிடமே கொடுத்துவிட்டு வந்தேன். "அந்தக் காலத்துல என்னமோ நடந்தது, வுடுங்க டீச்சர்" என்று பஸ் ஏற்றிவிட்டான். நல்ல பிள்ளை. ஆனால் விடச் சொல்ல வேண்டியவள் நீ.

நோட்டைக் கொடுத்தால் பாரம் குறையும் என்று நினைத்தேன். மருமகள் இப்போதுதான் பேத்தியைத் தூக்கிக்கொண்டு கூழ் ஊட்டப் போனாள். ஜன்னல் திறந்திருக்கிறது. கொக்கியில் மாட்டிய தூளி காற்றில் ஆடுகிறது. இப்படி வெறும் தூளி ஆடுவதை எங்கே பார்த்தாலும் எனக்கு முதலில் அந்த அணியின் பெயர்தான் நினைவுக்கு வருகிறது, அக்கா. ரத்னாவின் பெயர் அதற்குப் பிறகுதான் வருகிறது.